கவர் லெட்டர்: விளம்பரத்துக்கு நீங்கள் எழுதும் பதில்

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ரெஸ்யூமேயோடு கவர் லெட்டரும் கேட்கிறார்கள் என்றதும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். ஏற்கெனவே வேலைக்குப் போன நண்பரிடம் "உன்னோட லெட்டரைக் கொஞ்சம் அனுப்பு" என்று வாங்கி, ஆள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் மாற்றி அனுப்பிவிடுவோம். என் முதல் விண்ணப்பத்துக்கு நானும் அப்படித்தான் செய்தேன். அந்தக் கடிதம் எத்தனை கை மாறி என்னிடம் வந்ததோ தெரியாது. கடின உழைப்பாளி, நேரம் தவறாதவன், எதையும் விரைவாகக் கற்றுக்கொள்பவன் என்றெல்லாம் அதில் இருந்தது. என்னைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. பதில் வரவில்லை, வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

பல வருடம் கழித்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார நேர்ந்தது. ஒரே ஓர் இடத்துக்குக் குவிந்த விண்ணப்பங்களைப் படித்துப் பிரிக்கும் வேலை. முதல் பத்துக் கடிதங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். அடுத்த பத்தில் முதல் பத்தியோடு சரி. அதற்குப் பிறகு கண் தானாகவே எதையாவது பற்றிக்கொள்ளத் தேட ஆரம்பித்துவிட்டது: ஓர் எண், ஒரு பொருளின் பெயர், உண்மையில் நடந்த ஏதோ ஒன்று. பெரும்பாலான கடிதங்களில் அப்படி எதுவும் சிக்கவில்லை. ஒன்றில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதுவும் "உங்கள் நிறுவனத்தில் பணிபுரிவது என் நெடுநாள் கனவு" என்ற வரிக்குப் பக்கத்திலேயே.

கவர் லெட்டரை நான் எப்படித் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. என்னைப் பற்றி நானே பாடிக்கொள்ளும் புகழ்மாலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் வேலை விளம்பரம் ஒரு கேள்வி. கடிதம் அதற்குப் பதில். கேள்வியைப் படிக்காமல் எழுதிய விடைத்தாளுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

ரெஸ்யூமே இருக்கும்போது இது எதற்கு?

ரெஸ்யூமே ஒரு பட்டியல். எங்கே படித்தீர்கள், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை எங்கே வேலை பார்த்தீர்கள், என்னென்ன தெரியும் என்று அடுக்கிச் சொல்லும். ஒரே ரெஸ்யூமேயை ஐந்து இடங்களுக்கு அனுப்பினாலும் பெரிய குற்றமில்லை. அந்தப் பட்டியலில் எந்த இரண்டு வரிகள் இந்த வேலைக்குப் பொருந்துகின்றன, எப்படிப் பொருந்துகின்றன என்று எடுத்துச் சொல்லும் ஒரு பக்கக் கடிதம்தான் கவர் லெட்டர். அறிமுகக் கடிதம், முகப்புக் கடிதம் என்றும் சொல்கிறார்கள்.

படிப்பவரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவருடைய பிரிவில் ஓர் இருக்கை காலி. அந்த வேலையை இப்போது வேறு இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு, முணுமுணுத்தபடி செய்துகொண்டிருக்கிறார்கள். தப்பான ஆளை எடுத்துவிட்டால் சில மாதம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பயம் வேறு. அப்படிப்பட்டவரிடம் போய், "இந்த வேலை கிடைத்தால் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள நல்ல வாய்ப்பாக இருக்கும்" என்று எழுதுகிறோம். உங்களுக்கு நல்ல வாய்ப்புதான், மறுக்கவில்லை. அவருக்கு அதில் என்ன?

கடிதம் கட்டாயமில்லை என்று விளம்பரத்தில் இருந்தால் எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். ரெஸ்யூமேயில் தெரியாத ஏதோ ஒன்றைச் சொல்ல இருந்தால் எழுதுங்கள். துறை மாறுகிறீர்கள், வேறு ஊரிலிருந்து இடம்பெயரத் தயாராக இருக்கிறீர்கள், வேலையில் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது என்றால் கடிதம் உதவும். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் சம்பிரதாயத்துக்கு எழுதிய கடிதத்தைவிட, கடிதமே இல்லாத விண்ணப்பம் மேல் என்பது என் கட்சி. அனுப்ப வேண்டாம் என்று தெளிவாகப் போட்டிருந்தால் அனுப்பவே கூடாது. சொன்னதைக் கேட்கிறாரா என்பதும் அங்கே ஒரு பரீட்சைதான்.

விளம்பரத்தைப் பேனாவோடு படியுங்கள்

கடிதத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதில் பாதி விளம்பரத்துக்கே போகட்டும். எந்த விளம்பரத்திலும் சில வரிகள் சடங்குக்காக வருபவை: சிறந்த தகவல் தொடர்புத் திறன், குழு மனப்பான்மை, உற்சாகம். அவற்றை அடித்துவிடுங்கள். மீதமுள்ளதில் எது முதலில் நிற்கிறது, எது இரண்டு முறை வருகிறது, எதைக் கட்டாயம் என்கிறார்கள், எதை இருந்தால் நல்லது என்கிறார்கள் என்று பாருங்கள். 'நேரத்துக்கு', 'பிழையில்லாமல்', 'நெருக்கடியிலும்' போன்ற சொற்கள் தென்பட்டால் அங்கே ஏற்கெனவே ஏதோ வலி இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு பூசி மெழுகி எழுதினாலும் விளம்பரத்தில் வலி கசிந்துவிடும்.

மாதிரிக்கு, நானே எழுதிய ஒரு விளம்பரம்:

"கணக்குப் பிரிவுக்கு உதவியாளர் தேவை. சப்ளையர்களிடமிருந்து வரும் பில்களைச் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். விடுபட்ட பில்களைக் கேட்டு வாங்க வேண்டும். மாதக் கணக்கை அடுத்த மாதத்தின் முதல் வாரத்துக்குள் முடிக்க உதவ வேண்டும். எக்செல் அவசியம். கடின உழைப்பும் குழு மனப்பான்மையும் உள்ளவராக இருக்க வேண்டும்."

கடைசி வரி சடங்கு. மற்றவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒரு கதை தெரிகிறது. பில்கள் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. யாராவது விரட்டி விரட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் மாதக் கணக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அவர்கள் உண்மையில் கேட்பது இதுதான்: சலிக்காமல் பில்லை விரட்டி வாங்கி, நாள் தவறாமல் கணக்கை முடிக்க உங்களால் ஆகுமா? இந்த ஒரு வரி கையில் கிடைத்துவிட்டால் கடிதம் பாதி முடிந்த மாதிரி.

இந்த வித்தையில் கைதேர்ந்த ஒருவர் 15ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார். லியனார்டோ டா வின்சி 1482 வாக்கில், முப்பது வயதை ஒட்டி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். அதன் வரைவு மிலானின் அம்புரோசியானா நூலகத்தில் இன்றும் இருக்கிறது. 'நான் ஒரு ஓவியன்' என்று அது தொடங்கவில்லை. தூக்கிச் செல்லக்கூடிய லேசான பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் வழி, சுரங்கப் பாதை, பீரங்கி, மூடிய போர் வண்டி என்று வரிசையாக எண்போட்டு அடுக்குகிறார். அப்புறம்தான் அமைதிக் காலத்துக் கட்டடங்களும் நீர்வழிகளும். ஓவியம் ஏறக்குறைய கடைசியில், போகிற போக்கில் வருகிறது. சண்டைக்குப் பஞ்சமில்லாத அந்தக் காலத்தில் ஆட்சியாளருக்கு முதலில் வேண்டியது பாலம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. லுடோவிகோ தன் தந்தையின் நினைவாக வைக்க விரும்பிய வெண்கலக் குதிரைச் சிலையையும் மறக்காமல் தொட்டுவிட்டு, இவற்றில் ஏதாவது முடியாத காரியமாகத் தோன்றினால் உங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டுகிறேன் என்று முடிக்கிறார். போர்க் கருவிகள் செய்வதில் அவருக்கு அப்போது பெரிய அனுபவம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தத் துணிச்சலை மட்டும் நாம் காப்பியடிக்க வேண்டாம்.

பெயரை மறைத்துப் படித்துப் பாருங்கள்

மேலே சொன்ன கணக்கு உதவியாளர் வேலைக்கு, இப்போதுதான் கல்லூரி முடித்த ஒரு பெண் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் பத்தி இப்படி இருக்கும்:

"நான் கடின உழைப்பாளி. எதையும் விரைவாகக் கற்றுக்கொள்வேன். கணக்கியலில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. குழுவாகப் பணியாற்றுவதில் சிறந்தவள். வாய்ப்பளித்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அயராது பாடுபடுவேன்."

கடிதத்தின் கீழே உள்ள பெயரை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். அங்கே வேறு யார் கையெழுத்துப் போட்டாலும் பொருந்துகிறதா? பொருந்துகிறது. அப்படியென்றால் அது அந்தப் பெண்ணின் கடிதம் இல்லை, ஊர்ப் பொதுச்சொத்து. இப்போது இதைப் பாருங்கள்:

"எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு 14 பேரிடமிருந்து பொருள்களும் சேவைகளும் வாங்கினோம். கணக்கு என் பொறுப்பு. விழா முடிந்த அன்று 9 பேரின் பில்கள்தான் கையில் இருந்தன. மீதி 5 பேரையும் தினமும் காலையில் ஒரு முறை தொலைபேசியில் அழைத்து, எப்போது தருவதாகச் சொன்னார்கள் என்பதை எக்செல் தாளில் குறித்துவந்தேன். ஆறாம் நாள் கடைசி பில்லும் வந்துசேர்ந்தது. சரிபார்த்தபோது ஒரு பில் இரண்டு முறை பதிவாகியிருந்தது தெரிந்தது, திருத்தினேன். எட்டாம் நாள் முழுக் கணக்கையும் ஒப்படைத்தேன்."

'கடின', 'சிறந்த', 'அயராத' என்று ஒரு சொல்கூட இதில் இல்லை. ஆனாலும் இவர் விடாப்பிடியான ஆள், எண்களில் கவனமானவர் என்று படிப்பவருக்குத் தோன்றிவிடும். நீங்கள் சொல்லி வந்த முடிவென்றால் சந்தேகப்படுவார். அவரே வந்த முடிவு என்பதால் நம்புவார். பில் விரட்டுவது, எக்செல், நாள் கணக்கு என்று விளம்பரத்தின் முக்கியமான வரிகள் எல்லாவற்றுக்கும் இங்கே பதில் இருக்கிறது. இத்தனைக்கும் எழுதியவர் ஒரு நாள்கூட அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை.

இந்தச் சம்பவத்தை அந்தரத்தில் விட்டுவிடாதீர்கள். "மாதக் கணக்கை முதல் வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உங்கள் விளம்பரத்தில் படித்தேன். பில்கள் வந்துசேரும் வேகத்தைப் பொறுத்ததுதான் அது என்பதை இந்த விழாக் கணக்கில் கற்றுக்கொண்டேன்" என்பது போல ஒரு முடிச்சுப் போட்டால்தான் கதை வேலையோடு சேரும்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், எனக்குச் சொல்ல அப்படி எதுவும் இல்லையே என்று நினைப்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரை சட்டி காலியாக இருப்பது அபூர்வம். கிளறிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். நீங்கள் இல்லாவிட்டால் நடந்திராத காரியம் எது, அல்லது மோசமாக நடந்திருக்கும் காரியம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பகுதி நேர வேலையில் சரக்கு எண்ணியது, விளையாட்டுக் குழுவுக்குப் பயண ஏற்பாடு செய்தது, குடும்பத்தில் ஒருவரின் மருத்துவக் காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்தது என எதுவும் உதவும். எண் இருந்தால் எண்ணைச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் கைவைப்பதற்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது என்று சொல்லுங்கள். இல்லாத எண்ணை மட்டும் இட்டுக்கட்ட வேண்டாம். "அந்த அஞ்சு பேர்ல ரொம்ப இழுத்தடிச்சது யாரு?" என்று நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வி வந்தால் போதும், சாயம் வெளுத்துவிடும்.

எழுதிச் சொல்வதைவிட எடுத்துக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. பின்னாளில் பெரிய விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே, அப்போது லண்டனில் புத்தகங்களுக்கு பைண்டிங் போடும் தொழிலில் இருந்த இளைஞர். 1812இல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளை உட்கார்ந்து கேட்டார். குறிப்புகளை விரித்தெழுதி, படங்கள் வரைந்து, ஏறத்தாழ 300 பக்கங்களைத் தன் கையாலேயே பைண்டு செய்து, அந்த ஆண்டின் இறுதியில் வேலை கேட்கும் கடிதத்தோடு டேவிக்கே அனுப்பினார். அக்கறை, புரிதல், பொறுமை, கைநேர்த்தி எல்லாம் அந்த ஒரே கட்டில் இருந்தன. டேவி அழைத்துப் பேசினார், ஆனால் அப்போது காலியிடம் இல்லை. 1813இல் ஆய்வக உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தபோது டேவிக்கு நினைவு வந்தவர் ஃபாரடே. மார்ச் மாதம் வேலையில் சேர்ந்தார். இதற்கு முன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கும் அவர் வேலை கேட்டு எழுதியிருந்தார். அங்கிருந்து பதிலே இல்லை. ஃபாரடேக்கே அப்படி.

உங்களிடம் 300 பக்கம் யாரும் கேட்கவில்லை. வடிவமைப்பாளர் என்றால் ஒரு டிசைன், நிரல் எழுதுபவர் என்றால் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு திட்டம், எழுத்து வேலை என்றால் ஒரு கட்டுரை. ஒன்றே ஒன்று, உள்ளதில் சிறந்தது. பத்து இணைப்புகள் கொடுத்தால் ஒன்றைக்கூடத் திறக்கமாட்டார்கள்.

தொடக்கமும் முடிவும்

முதல் வரிக்கு மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. சிறு வயதிலிருந்தே எண்கள்மீது தீராக் காதல் என்றெல்லாம் ஆரம்பித்தால் சினிமா வசனம் மாதிரி இருக்கும். எந்த வேலை, ஏன் நீங்கள் என்பது முதல் இரண்டு வரிக்குள் தெரிந்துவிட வேண்டும். "கணக்குப் பிரிவு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். விடுபட்ட பில்களைத் தொடர்ந்து கேட்டு வாங்கி, குறித்த நாளில் கணக்கை முடித்த அனுபவம் எனக்கு உண்டு." இது போதும். அங்கே வேலை பார்க்கும் யாராவது உங்களை விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு, அவர் பெயரை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

யாருக்கு எழுதுகிறோம் என்று பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லியே விளியுங்கள், எழுத்துப்பிழை இல்லாமல். பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். முழுப் பெயரை எழுதிவிட்டால் தொல்லை இல்லை. பெயர் தெரியாவிட்டால் 'பணியமர்த்தும் மேலாளர் அவர்களுக்கு' என்றோ அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லியோ தொடங்கலாம்.

ஏன் இந்த நிறுவனம் என்று இரண்டு வரி எழுதச் சொல்வார்கள். பெரும்பாலோர் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் 'எங்களைப் பற்றி' பக்கத்தை எடுத்து அவர்களுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அவர்களுடைய பொருளைப் பயன்படுத்தியபோது நீங்களே கவனித்தது, அவர்கள் புதிதாகத் தொடங்கிய ஒரு பணியில் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான ஏதோ ஒன்று என்று இருந்தால் எழுதுங்கள். இல்லையா, விட்டுவிடுங்கள்.

முடிவில் ஒரு நன்றி, நேரில் பேசத் தயார் என்ற ஒரு வரி, எந்தத் தேதியிலிருந்து சேர முடியும் என்ற தகவல். 'கருணை கூர்ந்து', 'தங்கள் மேலான பரிசீலனைக்கு', 'என் வாழ்நாள் முழுவதும் நன்றிக்கடன் பட்டிருப்பேன்' எல்லாம் வேண்டாம். பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய கை, கொஞ்சம் அசந்தால் அங்கேதான் போகும்.

சொல்லச் சங்கடமான விஷயங்கள்

வேலையில் இடைவெளி இருந்தால் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள். "குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள இரண்டு ஆண்டுகள் விலகியிருந்தேன், இப்போது முழு நேர வேலைக்குத் தயாராக இருக்கிறேன்." இதற்கு மேல் விளக்கினால் நீங்களே சந்தேகத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். துறை மாறுபவர்கள் பழைய துறையைக் குறை சொல்லாமல், அங்கே கற்ற எது இங்கே செல்லும் என்பதை மட்டும் சொன்னால் போதும். பழைய மேலாளரைப் பற்றிய புகார் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் இந்தக் கடிதம் அதற்கான இடமில்லை. சம்பள எதிர்பார்ப்பு கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

"எனக்கு அனுபவம் இல்லாவிட்டாலும்" என்று தொடங்கும் வரி எந்தக் கடிதத்தில் இருந்தாலும் அடித்துவிடலாம். இல்லாததை அறிவித்துவிட்டு இருப்பதைச் சொல்வானேன்? விளம்பரத்தில் கேட்ட தகுதிகளில் ஒன்றிரண்டு குறைகிறது என்பதற்காகப் பின்வாங்கவும் வேண்டாம். உரிமமோ பதிவோ இல்லாமல் செய்யவே முடியாத வேலைகள் மட்டும் விதிவிலக்கு.

அனுப்பும் விதம்

ஒரே பக்கம். 250 முதல் 400 சொற்கள், மூன்று அல்லது நான்கு பத்திகள், 11 அல்லது 12 அளவு எழுத்து. விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். ஆங்கிலம் என்றால் அகராதியிலிருந்து கனமான சொற்களைப் பொறுக்கிப் போட வேண்டாம். நீங்கள் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொற்களே போதும். பிடிஎஃப் ஆக்கி, கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் வேலையின் பெயரும் இருக்கும்படி செய்யுங்கள். 'ஃபைனல் நியூ 3' என்று வரும் கோப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

மின்னஞ்சலில் அனுப்பும்போது தலைப்பு வரியில் வேலையின் பெயர், விளம்பர எண் இருந்தால் அது, உங்கள் பெயர். வேறு மாதிரி சொல்லாவிட்டால் கடிதத்தை மின்னஞ்சலிலேயே எழுதிவிட்டு ரெஸ்யூமேயை மட்டும் இணைக்கலாம். வெறும் இணைப்பை வைத்து மொட்டையாக அனுப்புவது, வாசலில் காகிதத்தைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போவது மாதிரி.

பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்கள் முதலில் ஒரு மென்பொருளில் போய்ச் சேர்கின்றன. ஏடிஎஸ் (விண்ணப்பதாரர் கண்காணிப்பு மென்பொருள்) என்பார்கள். விண்ணப்பங்களை அதில் சொல் வைத்துத் தேடுவார்கள் என்பதால், விளம்பரத்தில் 'சப்ளையர் பில்' என்று இருந்தால் நீங்களும் அதே சொல்லைப் பயன்படுத்துங்கள். கட்டங்கள், அலங்காரப் பெட்டிகள், படங்களை மென்பொருள் சரியாகப் படிக்காமல் போகலாம். வெறும் பத்திகளே பாதுகாப்பு.

சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கலாமா? பிழை பார்க்கவும் நீளத்தைக் குறைக்கவும் பயன்படுத்துங்கள். 14 பேரில் 5 பேர் பில் தரவில்லை என்பது அதற்குத் தெரியாது. முழுக் கடிதத்தையும் அதனிடம் கேட்டால், நான் என் நண்பரிடம் வாங்கிய அந்தப் பழைய கடிதம்தான் இன்னும் கொஞ்சம் பளபளப்பாகத் திரும்பி வரும்.

அனுப்பிய பிறகு ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து ஒரே ஒரு முறை, இரண்டு வரியில் விசாரிக்கலாம். தொடர்புகொள்ள வேண்டாம் என்று போட்டிருந்தால் அதுவும் கூடாது. கடிதத்தின் நகலையும் விளம்பரத்தின் நகலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வரும் விளம்பரங்களைக் கடைசித் தேதி முடிந்ததும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடும்போது எந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதினோம் என்று உங்களுக்கே மறந்திருக்கும். எதிரில் இருப்பவர் மேசையில் மட்டும் உங்கள் கடிதம் இருக்கும்.